‘ஊசி இடம் கொடுக்காமலா?’ என்று கேட்பவர்களுக்கு

"ஒரு பெண்ணுக்குப் பாலியல் தொல்லையோ வன்முறையோ நடந்தால் ஏன் எல்லாரும் அந்தப் பெண்ணையே குறை சொல்கிறார்கள்? ஆனால் ஒன்று, பெண்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கலாம்தானே, அதைச் சொன்னால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?" கேள்வி இப்படித்தான் வந்தது. முதல் பாதியில் கேட்ட கேள்விக்கு இரண்டாம் பாதியிலேயே பதில் இருக்கிறது, கேட்டவர் கவனித்தாரா தெரியவில்லை. கேலி செய்யவில்லை. என் வீட்டிலேயே இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு, இருபது வயதில் நானும் பேசியிருக்கிறேன்.

பதினெட்டு வருடமாக ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். மகளிர் நீதிமன்ற வழக்குகள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகள் நிறைய பார்த்தாயிற்று. இரண்டு மூன்று நிறுவனங்களில், வேலையிடத்துப் பாலியல் புகார்களை விசாரிக்கிற உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் கண்டதை வைத்துத்தான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உடை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சம்பவத்தன்று அந்தப் பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்பது ஊருக்குத்தான் ஊகம், நீதிமன்றத்துக்கு அது கண்ணெதிரே இருக்கிற பொருள். போலீஸ் கைப்பற்றி, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பி, அரக்கு முத்திரை வைத்த கவரில் திரும்பி வரும். விசாரணை நாளில் பெஞ்ச் கிளார்க் அதைப் பிரித்து மேசைமேல் வைப்பார். "இது உங்களோடதாம்மா?" என்று கேட்பார்கள். நான் இருந்த வழக்குகளில் அந்தக் கவருக்குள்ளிருந்து வந்தவை: பள்ளிச் சீருடை, பல முறை. நைட்டி. சாயம் போன காட்டன் புடவையும் கொக்கி பிய்ந்த ரவிக்கையும். துப்பட்டாவோடு சேர்த்து சுடிதார். ஒரு முறை ஆறு வயதுக் குழந்தையின் கவுன், நெஞ்சுப் பக்கம் ஒரு பட்டாம்பூச்சி தைத்திருந்தது, கிளார்க் அதை மடித்துத் திரும்பக் கவருக்குள் வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். எல்லாரும் சொல்கிற அந்த ‘அரைகுறை ஆடை’ இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அந்த மேசைக்கு வரவில்லை. வந்தாலும் சட்டத்துக்கு அது வெறும் சான்றுப் பொருள்தான், சம்மதக் கடிதம் ஆகாது. நீதிமன்றங்களே இதில் சறுக்கியிருக்கின்றன என்பதும் உண்மை. 2022 ஆகஸ்டில் கோழிக்கோடு செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் உத்தரவில், புகார் கொடுத்தவர் உணர்ச்சியைத் தூண்டும்படி உடுத்தியிருந்தார், அதனால் பாலியல் தொல்லைப் பிரிவே பொருந்தாது என்கிற மாதிரி எழுதி வைத்தது. அந்த வாசகத்தைக் கேரள உயர் நீதிமன்றம் அக்டோபரில் நீக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்து மலையடிவார ஊர், 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து உள்ளே போயின. 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். அவர்களில் யாரும் ஜீன்ஸ் போடவில்லை, சினிமாவுக்குப் போகவில்லை, செல்போன் என்கிற சாமானே அன்றைக்குக் கிடையாது. பழி வராமல் போனதா? வந்தது, வேறு வேஷத்தில்: "கட்டை கடத்துகிற கூட்டம், இதுகள் பேச்சை எப்படி நம்புவது?" 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னபோது அவர்களில் 54 பேர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய இன்னும் சரியாகப் பன்னிரண்டு வருடம், 2023 செப்டம்பர் 29. பட்டணத்துப் பெண் என்றால் ‘என்ன உடுத்தினாள்’, மலை ஊர்ப் பெண் என்றால் ‘இவள் சொல்வதை நம்பலாமா’. ஆளைப் பார்த்துத்தான் காரணம் தைக்கப்படுகிறது. ஒரு காரணம் பொருந்தவில்லையென்றால் அடுத்தது தயாராக இருக்கும்.

தலைப்பில் இருக்கிற பழமொழிக்கு வருகிறேன். ‘ஊசி இடம் கொடுத்தால்தான் நூல் நுழையும்.’ இதைச் சொல்லாத ஊர்ப் பஞ்சாயத்தை நான் பார்த்ததில்லை. படித்தவர்களும் சொல்வார்கள், கொஞ்சம் நாசூக்காக. இது கிராமத்துப் பேச்சு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்தது. 1972-ல் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் மதுரா என்று அறியப்படும் பழங்குடிச் சிறுமியை வன்புணர்ந்ததாக இரண்டு போலீஸ்காரர்கள் மேல் வழக்கு. 1974-ல் செஷன்ஸ் நீதிமன்றம் அந்தப் பெண் உடலுறவுக்குப் பழகியவள் என்று எழுதி அவர்களை விடுதலை செய்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தண்டித்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுதலை செய்தது: உடம்பில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை, ஆகவே வற்புறுத்தல் இல்லை. இரவு நேரம், காவல் நிலையம், கதவு சாத்தியிருக்கிறது, வெளியே சொந்தக்காரர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், எதிரே காக்கிச் சட்டை. இதில் அந்தப் பிள்ளை யாரை எதிர்த்து எப்படிப் போராடியிருக்க வேண்டும்? உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் மாறியது. காவலில் நடந்தால், பெண் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று சொன்னால், அதை உண்மை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றானது.

அதற்குப் பிறகும் பழைய சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. வன்புணர்வு வழக்கில் புகார் கொடுத்த பெண் பொதுவாகவே ‘ஒழுக்கம் கெட்டவள்’ என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்று எதிர்த்தரப்புக்கு அது உரிமை கொடுத்தது. எனக்கு முந்தைய தலைமுறை வக்கீல்கள் அதை வைத்துப் பிழைத்திருக்கிறார்கள், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 2002-ல் வந்த திருத்தம் அதைத் தூக்கியது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளான பிறகு அமைத்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது, அந்த வருடமே சட்டம் திருத்தப்பட்டது. உடம்பால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று சட்டப் புத்தகத்திலேயே விளக்கம் ஏறியது. அதே வருடம், பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்க்கிற இரண்டு விரல் பரிசோதனை பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்றது உச்ச நீதிமன்றம். யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால் 2022 அக்டோபரில், இனி அதைச் செய்கிற மருத்துவர்கள் ஒழுங்கீனத்துக்குப் பொறுப்பாவார்கள் என்று மறுபடி சொல்ல வேண்டி வந்தது. மெதுவாகத்தான், இழுத்துக்கொண்டுதான், ஆனாலும் சட்டம் ஐம்பது வருடத்தில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. டீக்கடை, ஸ்டேஷன் வாசல், கல்யாண மண்டபத்துப் பந்தி, குடும்ப வாட்ஸாப் குழு எல்லாம் இன்னும் 1974-லேயே உட்கார்ந்திருக்கின்றன.

சரி, ஏன்? ‘ஆணாதிக்கம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி எழுந்துபோகலாம். தப்பில்லை. ஆனால் பெண்களும் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்று அந்த வார்த்தை சொல்வதில்லை. அனைத்து மகளிர் காவல் நிலையம் ஒன்றில் நான் கண்ணால் பார்த்தது: பதினேழு வயதுப் பெண், டியூஷன் எடுக்கிற ஆள் மேல் புகார். ரைட்டர் அம்மா பேனாவை எடுக்கும் முன்னாலேயே பெண்ணின் தாய் பளாரென்று பெண்ணின் கன்னத்தில் ஒன்று வைத்தார். "எத்தனை தடவ சொன்னேன், சிரிச்சுச் சிரிச்சுப் பேசாதேன்னு." அப்புறம் அந்தத் தாயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பெண் அழவில்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்று கேட்டே வளர்ந்த தாய் அவர். மகள் மேல் பிரியமில்லாமல் அடிக்கவில்லை. தான் பாடுபட்டுக் கட்டிய வேலி வேலை செய்யவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. வேலியில் குறை இல்லை, நீதான் தாண்டிவிட்டாய் என்று மகளிடம் சொன்னால்தான் வீட்டில் இருக்கிற இன்னொரு மகளை அதே வேலிக்குள் வைத்துவிட்டு ராத்திரி தூங்க முடியும்.

உளவியலில் இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. மெல்வின் லெர்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-ல் வெளியிட்டது. ஒரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதுபோல் நடித்துக் காட்டி, அதைக் கல்லூரி மாணவிகளைப் பார்க்க வைத்தார். நிறுத்த வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்த மாணவிகள், கொஞ்ச நேரத்தில் வலிபட்ட அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்ப ஆசைப்படுகிற மனசு, கண்ணெதிரே அநியாயம் நடந்தால் ‘அவள் ஏதோ செய்திருப்பாள்’ என்று கணக்கை நேர் செய்துகொள்கிறது. பெண்கள் பெண்ணைக் குறை சொல்வதில் பாதிக்குமேல் இதுதான் என்று நினைக்கிறேன். அவள் ராத்திரி போனாள், நான் போகமாட்டேன், ஆகவே எனக்கு நடக்காது. தாயத்து மாதிரி.

மீதி வேறு ரகம், அதைத் தாயத்து என்று மன்னிக்க முடியாது. பழியைப் பெண் மேல் போட்டால் மற்ற எல்லாருக்கும் வேலை மிச்சம். ஸ்டேஷனுக்கு ஒரு எஃப்ஐஆர் மிச்சம், கல்லூரிக்குப் பெயர் மிச்சம், கம்பெனிக்கு நல்லா வேலை பார்க்கிற மேனேஜர் மிச்சம், சொந்தக்காரர்களுக்கு அடுத்த மாசம் நடக்கவேண்டிய கல்யாணம் மிச்சம். ஒரு குழுவில் இருந்தபோது, விசாரணை தொடங்கும் முன்பே ஒரு பெரிய மனிதர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மேடம், அந்தப் பொண்ணு கொஞ்சம் ஃப்ரீயா பழகுற டைப், உங்களுக்குத் தெரியுமா?" அவருக்கு அந்தப் பெண்மேல் விரோதம் ஒன்றும் இல்லை. புகாருக்கு ஆளானவரை மாற்றினால் ஒரு பெரிய கிளையண்ட் கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். அரசாங்கங்களும் இதைச் செய்யும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்ட பிறகு மேற்கு வங்க அரசு கொண்டுவந்த ஏற்பாடுகளில் ஒன்று, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி போடாமல் தவிர்ப்பது. பாதுகாப்புக் கொடுப்பது உங்கள் வேலை, பெண்களை வேலை பார்க்காதே என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் அதைக் கண்டித்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பழி எங்கிருந்து வருகிறது என்பது. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பழி யாருக்குப் பயன்படுகிறது என்பது. பொள்ளாச்சி பாலியல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கும்பலிடம் இருந்த ஆயுதம் என்ன? கத்தியா, துப்பாக்கியா? வீடியோ. ஒரு பெண்ணைப் பலவந்தப்படுத்தி வீடியோ எடுத்து, வெளியே விட்டுவிடுவேன் என்று மிரட்டினால் அவள் ஏன் பயப்பட வேண்டும்? யோசித்துப் பார்த்தால் அந்த வீடியோ குற்றம் செய்தவனுக்கு எதிரான சாட்சி, அவன்தான் அதைக் கண்டு நடுங்க வேண்டும். தலைகீழாக நடந்ததற்குக் காரணம் நாம். வீடியோ வெளியே வந்தால் ஊர் யாரைக் காறித் துப்பும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் போட்ட முதலீடு நம்முடைய வாய். ‘சேலை முள்ளில் பட்டாலும் முள் சேலையில் பட்டாலும் சேதம் சேலைக்குத்தான்’ என்று நாம் ஊதி ஊதி வளர்த்த பயத்தை வைத்துத்தான் அவர்கள் ஒரு பெண்ணிலிருந்து அடுத்த பெண்ணுக்குப் போனார்கள்.

அது உடைந்தது எப்படி என்று பாருங்கள். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி வீட்டில் சொன்னார். வீடு அவரை அடிக்கவில்லை, நம்பியது. புகார் கொடுத்ததற்காக அண்ணன் அடி வாங்கினார். அதோடு நின்றதா? மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர் சந்திப்பில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையில் பெயரோடு கல்லூரியும் இருந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை என்று அன்றைக்கே சட்டம் இருந்தது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 72-வது பிரிவாக இருக்கிறது. பெயர் வெளியான அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பெயர் வெளியே போனால் என்ன ஆகும்? அடுத்த பெண் வரமாட்டாள். வேறு ஒன்றும் வேண்டியதில்லை. அப்படியும் வந்தார்கள். மூடிய அறையில் விசாரணை நடந்தது, 48 சாட்சிகளில் ஒருவர்கூடச் சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழவில்லை. இந்த ஊரில் வக்கீலாக இருக்கிறவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. 2025 மே 13, கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை, பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு.

2024 டிசம்பர் 23, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். அங்கேயும் அதே ஆயுதம்தான்: நண்பரோடு இருந்ததை வீடியோ எடுத்திருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடுவேன் என்ற மிரட்டல். அந்த மாணவி மறுநாளே புகார் கொடுத்தார். ஊர் என்ன பேசியது? "எட்டு மணிக்கு அங்க என்ன வேலை, கூட இருந்தவன் யாரு?" எஃப்ஐஆர் இணையத்தில் கசிந்து, பெயர் விலாசம் எல்லாம் கைக்குக் கை போனது. அந்த எஃப்ஐஆர் எழுதப்பட்ட விதமே பெண்மேல் பழி போட வழி செய்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டு, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது, 25 லட்சம் இடைக்கால இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பு: குறைந்தது 30 வருடம் சலுகையில்லாத ஆயுள் தண்டனை. அந்தப் பெண் ‘எட்டு மணி’ கேள்விக்குப் பயந்து வாயை மூடியிருந்தால் அந்த ஆள் இன்றைக்கும் அதே வளாகத்தில் சுற்றிக்கொண்டிருப்பான். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கொஞ்சம் பாருங்கள். உங்கள் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம், அவனுக்கு உங்கள் எண்ணம் தேவையில்லை, கேள்வி போதும்.

"ஏன் உடனே சொல்லவில்லை?" இது அடுத்தது. 2018-ல் பெண்கள் தங்களுக்கு நடந்ததை வெளியே சொன்ன மீடூ சமயத்தில் இதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். உடனே சொன்ன ஒருவரின் கதை சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு பெண் எஸ்.பி., அப்போது சிறப்பு டிஜிபியாக இருந்தவர் காருக்குள் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். வழியில் செங்கல்பட்டுக்கு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் போலீஸே அவர் காரை மறித்தது. ஐபிஎஸ் அதிகாரி, சொந்தத் துறை. அவருக்கே அந்த நிலைமை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த முன்னாள் டிஜிபிக்கு மூன்று வருடம் தண்டனை கொடுத்தது, காரை மறித்த அதிகாரிக்கு 500 ரூபாய் அபராதம். இப்போது ஒரு மில் தொழிலாளி, சூப்பர்வைசர் மேல் ‘உடனே’ புகார் கொடுக்கவில்லையே என்று கேட்டுப் பாருங்கள்.

"ஏன் கத்தவில்லை?" சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் எடுத்த ஆய்வு 2017-ல் வந்தது. பத்தில் ஏழு பேருக்கு அந்த நேரத்தில் உடம்பு விறைத்து, கைகால் அசையாமல், குரல் எழும்பாமல் போயிருந்தது, பாதிப்பேருக்கு மிகக் கடுமையாக. அது உடம்பு தானாகச் செய்வது, பயத்தில் கல்லாய்ப் போவது. இந்தக் கல்லாய்ப் போன நிலையைத்தான் 1978-ல் சம்மதம் என்று படித்தார்கள்.

‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பாருங்கள். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இளைஞர்களின் அத்துமீறலால் உயிரிழந்த பிறகு தமிழ்நாடு இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது, அதன் பெயரிலேயே இந்தச் சொல் இருந்தது, பிறகுதான் பெயரை மாற்றினார்கள். ஏவாள் ஆதாமை மயக்கினவள், டீசிங் என்றால் சும்மா விளையாட்டுச் சீண்டல். இரண்டு வார்த்தையில் பெண் மேல் பழியும் ஆணுக்கு மன்னிப்பும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் கணவரோடு நின்றிருந்த பெண்ணிடம் ஒரு போலீஸ்காரர் 1999-ல் தவறாக நடந்த வழக்கில், 2012-ல் உச்ச நீதிமன்றமும் இந்தச் சொல்லின் கோணலைக் குறிப்பிட்டது. அந்தக் கிரிமினல் வழக்கில் கணவனும் மனைவியும் பிறழ் சாட்சி ஆகியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது ‘ஜாக்கிரதை’. வீட்டைப் பூட்டாமல் போனால் திருடன் வரத்தானே செய்வான் என்பார்கள். பூட்டாத வீட்டில் நகை போனால் போலீஸ் கேஸ் எடுக்காதா? "நகையைப் பார்த்தால் அவனுக்கும் ஆசை வரத்தானே செய்யும்" என்று ஜட்ஜ் எழுதுவாரா? நகை தொலைத்தவர் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்பார்களா? இந்த உவமை இன்னொரு விதத்திலும் உதவாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், சமீப வருடங்களில், பதிவாகிற வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்தான் குற்றம் சாட்டப்பட்டவன். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றிய வழக்குகளும் அதில் சேர்ந்திருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பக்கத்து வீடு, சித்தப்பா, மாமா, வாத்தியார், முதலாளி, இவர்கள்தான் அந்தப் பட்டியல். பூட்டு வெளியே, ஆள் உள்ளே. ராத்திரி வெளியே போகாதே என்று சொல்லி அந்தப் பிள்ளையை எந்த வீட்டுக்குள் அனுப்புகிறோம்?

பெண்கள் ஜாக்கிரதையாக இல்லாமல் இல்லை. நான் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போன மூன்று வருடமும் தாவணி ஓரத்தில் ஒரு ஊக்கு அதிகமாகக் குத்தியிருக்கும், எங்கள் பாட்டி கொடுத்துவிட்டது. அவருக்கு அவர் அம்மா கொடுத்தாராம், திருவிழாக் கூட்டத்துக்கு. மூன்று தலைமுறையாக ஒரு ஊக்கை அடுத்தவர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிற எங்களிடம் வந்து ஜாக்கிரதை என்பது என்னவென்று சொல்லித்தருகிறார்கள்! நடப்பதற்கு முன் மகளிடம் சொல்கிற ஜாக்கிரதை வேறு, நானும் சொல்கிறேன். நடந்த பிறகு சொன்னால் அதற்கு அறிவுரை என்று பெயர் இல்லை, தீர்ப்பு என்று பெயர். அந்த அறிவுரையை மகன்களிடம் யாரும் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை என்பது தனிக் கதை.

பொய்ப் புகார் இல்லையா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். உண்டு. எந்தச் சட்டத்தில் இல்லை? நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை காதலித்து ஓடிப்போன பிள்ளைகளைப் பிரிக்க, சாதி விட்டுச் சாதி போனதற்காக, பெண்ணின் பெற்றோர் பையன்மேல் போட்டவை. அந்தப் பெண்ணே நீதிமன்றத்தில் "நான் விரும்பித்தான் போனேன்" என்று அழுவாள். அங்கேயும் அவள் பேச்சைக் கேட்க ஆளில்லை. மற்றபடி, ஒருத்தி பொய் சொன்னாளா என்று கண்டுபிடிக்கத்தான் விசாரணை இருக்கிறது, விசாரணையே வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது.

யாராவது உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வது என்று கேட்டால், முதல் பத்து நிமிடம் ‘ஏன்’ என்று ஆரம்பிக்கிற எந்தக் கேள்வியையும் கேட்காதீர்கள். குளிக்கும் முன், துணியைத் துவைக்கும் முன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், எஃப்ஐஆர் இல்லாமலே சிகிச்சை தர வேண்டும், தனியார் மருத்துவமனையும் இலவசமாகத் தர வேண்டும். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்பக் கூடாது, பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். எழுத மறுத்தால் மறுத்தவருக்கே ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு சொல்கிறது, அதை ஸ்டேஷனில் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பேனா தானாக வெளியே வரும். 181 மகளிர் உதவி எண், குழந்தை என்றால் 1098.

நாலைந்து வருடம் முன்னால் ஒரு ராத்திரி ஸ்டேஷனிலிருந்து ஒருவர் போன் செய்தார், லோடு வேன் ஓட்டுகிறவர். போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. மகள் பெஞ்சில் ஒரு போர்வைக்குள் இருந்தாள். ஏட்டு புகார் எழுதுகிற தோரணையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்: "ஒம்பது மணிக்கு மேல வயசுப் பொண்ணு ரோட்டுல என்னய்யா பண்ணுது?"

"எங்கம்மாவுக்கு மாத்திர தீந்துபோச்சு சார். நான்தான் அனுப்பினேன். அது தப்புன்னா அதுக்கு என் பேரப் போட்டுக்கங்க. அப்புறம் அடுத்த வரியில அவன் பேர எழுதுங்க."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி, மேலே தேதியைப் போட்டு, "சொல்லுங்க" என்றார்.